வண்டி வாசலில் நிற்கிறது, அம்மணி

எர்மெத்தே போக்கி என்ற பெயரைக் கேட்டால் இத்தாலியின் பார்மா ஊரில் இரண்டு வகை மனிதர்கள் பயப்படுவார்கள். ஒரு வகை, சீஸ் செய்கிறவர்கள். இன்னொரு வகை, பாடுகிறவர்கள். இரு தரப்புக்கும் அவர் எந்தத் தீங்கும் செய்தவரில்லை. காது கொடுத்துக் கேட்டார், அவ்வளவுதான்.

பகலில் அவருக்குச் சீஸ் கிடங்கில் வேலை. நாற்பது கிலோ எடையில், மாட்டுவண்டிச் சக்கரத்தின் குட்டி போலிருக்கும் சீஸ் உருளைகள் அங்கே உத்தரம் வரை அடுக்கப்பட்டு ஒரு வருஷம் தூங்கும். வருஷம் முடிந்ததும் எர்மெத்தே ஒரு சின்னச் சுத்தியலோடு வந்து அவற்றை எழுப்புவார். உருளையின் மேலே, பக்கத்தில், அடியில் தட்டுவார். தலையைச் சாய்த்துக்கொள்வார். உள்ளே வெடிப்போ காற்றுப்பையோ இருந்தால் ஒலியில் தெரிந்துவிடும். முதல் தரம், இரண்டாம் தரம், தள்ளுபடி. மேல்முறையீடு கிடையாது. ஒரு வருஷம் பாடுபட்ட மனிதர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பார்; எர்மெத்தே அவர் முகத்தைப் பார்க்க மாட்டார். முகம் பார்த்தால் காது கெட்டுவிடும் என்பது அவருடைய கொள்கை.

மாலையில் அதே காதை எடுத்துக்கொண்டு ஓபராவுக்குப் போவார். கூரையை ஒட்டிய கேலரியில், முப்பத்து நான்கு வருஷமாக அதே பெஞ்சில் அதே இடம். கீழே வெல்வெட் நாற்காலிகளில் உட்காருகிறவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதற்காக வருகிறவர்கள் என்பதும், கேட்கத் தெரிந்தவர்கள் மேலே இருக்கிறார்கள் என்பதும் பார்மாவில் யாரும் மறுக்காத விஷயம். 1961-ல், ஜெனோவாவிலிருந்து வந்த பேர்பெற்ற பாடகர் ஒருவர் மூன்றாவது அங்கத்தின் உச்ச ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தினார். கைதட்டலாமா வேண்டாமா என்று கேலரி யோசித்துக்கொண்டிருந்தபோது, இருட்டிலிருந்து எர்மெத்தே, கிடங்கில் சொல்கிற அதே குரலில், "உள்ள காத்து" என்றார். மறுநிமிஷம் கேலரி முழுக்க அதுவே பேச்சு, கூச்சல், விசில்; அங்கே விசில் என்றால் பாராட்டல்ல, வசவு. அந்தப் பாடகர் இப்போது ஜெனோவாவில் இன்ஷூரன்ஸ் தொழிலில் நன்றாக இருக்கிறார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு எர்மெத்தேவுக்கு ஒரு காலண்டர் அனுப்புகிறார். அது நன்றியா பழியா என்று இன்னும் முடிவாகவில்லை.

பார்மா கேலரிக்கு வைய மட்டும்தான் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. உண்மையிலேயே நன்றாக அமைந்துவிட்டால், "பிஸ்" என்று கத்துவார்கள். நம் நாடகக் கொட்டகைகளில் கேட்ட ஒன்ஸ்மோரேதான். பாடினதை மறுபடி பாடுகிற வரை கதை நகர முடியாது. சாகவேண்டியவள் சாகாமல் காத்திருக்க வேண்டும். எர்மெத்தே தன் வாழ்நாளில் இரண்டு தடவை பிஸ் கேட்டிருக்கிறார். 1951-ல் ஒன்று, 1968-ல் ஒன்று. பாடிய இருவரும் இப்போது இல்லை. மற்ற நாட்களில் அவர் வாயிலிருந்து வந்த அதிகபட்சப் பாராட்டு, "கெட்டுப்போகல" என்பது.

குடும்பத்துக்கும் இதே தராசுதான். அவர் கல்யாணத்தன்று, தேவாலயத்தில் பாதிரியார் சம்மதமா என்று கேட்ட நேரத்தில் ஆர்கன் வாசித்தவர் ஒரு கட்டையைத் தவறாக அழுத்திவிட்டார். மாப்பிள்ளை மணப்பெண்ணை விட்டுவிட்டு மேலே திரும்பி விசிலடித்தார். மணப்பெண் இயோலே அப்போதே வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். விருந்துக்குப் பன்றி வெட்டியாகிவிட்டதால் இருந்துவிட்டாள். மகள் நீவெஸ் ஏழு வயதில் பள்ளிக்கூட விழாவில் தனியாகப் பாடினாள். வீட்டுக்கு வந்து எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, மூன்றாவது வரியில் ஸ்வரம் இறங்கிவிட்டது என்று அப்பா சொன்னார். இறங்கியது உண்மைதான். அதற்குப் பிறகு அவள் குளிக்கும்போதுகூடப் பாடியதில்லை.

பெரியவளானதும் நீவெஸ் பிசியோதெரபி படித்து, வியன்னாவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பாவின் காது எட்டாத தூரம் என்பதற்காகத்தான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாள் என்று இயோலே சொல்வாள். அந்த நீவெஸிடமிருந்து 1983 வசந்தத்தில் ஒரு கடிதம் வந்தது. கல்யாணம் முடிவாகியிருக்கிறது. பையன் பெயர் வென்ஸல். நல்ல குணம். தொழில், ஓபராவில் பாட்டு.

கடைசிச் சொல்லைப் படித்துவிட்டு இயோலே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தாள். மாறவில்லை. கீழே இரண்டு கோடிட்டு ஒரு நிபந்தனையும் இருந்தது. ஊரைச் சுற்றிப் பார்க்க வாருங்கள், அவன் பாடுகிற அன்று ஓபராவுக்கும் வாருங்கள்; ஆனால் அங்கே அப்பா வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் கல்யாணத்துக்கு அம்மா மட்டும் வந்தால் போதும்.

எர்மெத்தே யோசித்தார். நிபந்தனை நியாயமானதுதான் என்றார். ஆனால் வாயால் மூச்சுவிடுவது இதில் சேருமா என்று தெளிவாக எழுதவில்லையே என்றார். இயோலே நேரே கடைக்குப் போய் அரைக்கிலோ டாஃபி வாங்கி வந்தாள், பல்லோடு பல்லை ஒட்டவைக்கிற ரகமாகப் பார்த்து.

வியன்னா ரயில் நிலையத்தில் நீவெஸின் பக்கத்தில் நெடுநெடுவென்று ஓர் உருவம் நின்றது. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டது.

"வருக, வணக்கத்துக்குரிய தந்தையே! தங்கள் திருவடி பட்டதால் இந்நகரம் பேறுபெற்றது. என் கரங்கள் தங்கள் சுமையை ஏந்தத் துடிக்கின்றன."

எர்மெத்தே பெட்டியைக் கொடுத்துவிட்டு மகளைப் பார்த்தார். நீவெஸ் பல்லைக் கடித்தபடி விளக்கினாள். வென்ஸலுக்கு இத்தாலிய மொழி தெரியும், ஆனால் பழைய ஓபராக்களிலிருந்து மட்டுமே தெரியும். குத்துவாள், சபதம், துரோகி, மயானம் எல்லாவற்றுக்கும் சொல் உண்டு. ஸ்பூன், டிக்கெட், கக்கூஸ் மூன்றுக்கும் கிடையாது.

"பேசறது எப்படி இருக்கு?" என்று இயோலே கணவரின் காதில் கேட்டாள். அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தது. இன்னும் எதுவும் கண்டுபிடிக்கவில்லை என்று அவள் அர்த்தம் பண்ணிக்கொண்டாள்.

மறுநாள் ஊர் பார்க்கப் போனார்கள். டிராமில் ஏறியதும் வென்ஸல், இத்தேர் நம்மை மாமன்னர் துயிலும் இடத்துக்கு ஏகச்செய்யும் என்று அறிவித்தான். டிராமும் அப்படியே ஏகியது. இங்கே அரச குடும்பத்தாரின் உடல்கள் ஒரு தேவாலயத்தின் நிலவறையிலும், இதயங்கள் வெள்ளிச் செம்புகளில் இன்னொரு தேவாலயத்திலும், குடல்கள் மூன்றாவது தேவாலயத்திலும் பத்திரமாக இருக்கின்றன. இயோலே சிலுவை போட்டுக்கொண்டாள். எர்மெத்தேவுக்கு மட்டும் வியன்னாவின் மேல் முதல்முறையாக மதிப்பு வந்தது. "நம்மூர்ல பன்னிய பிரிக்கிற மாதிரியே பிரிச்சிருக்காங்க" என்றார். "எதையும் வீணாக்கல." நீவெஸ் இதை வென்ஸலுக்கு மொழிபெயர்க்கவில்லை.

அடுத்து ஒரு தேவாலயத்தில் சிவப்புப் பளிங்குத் தூண்கள் வரிசையாக நின்றன. எர்மெத்தேவின் கை தானாகவே நீண்டு, விரல் முட்டியால் ஒன்றைத் தட்டியது. தலை சாய்ந்தது. இரண்டாவதைத் தட்டினார். பளிங்கே இல்லை, உள்ளே செங்கல், மேலே சாந்தைப் பூசி வண்ணம் தீட்டியிருக்கிறார்கள் என்று தீர்ப்பளித்துவிட்டு ஐந்தாவது தூணுக்குப் போனபோது காவலாளி வந்துவிட்டார். நீவெஸ் தலையைக் குனிந்துகொண்டாள். இருநூறு வருஷமாகக் கோபித்துக்கொள்ளாமல் நின்ற தூணே இவரிடம் தப்பவில்லை. பாவம், வென்ஸல் எம்மாத்திரம் என்று அவள் நினைத்தது அவள் முகத்திலேயே தெரிந்தது.

காபிக் கடையில் வெள்ளித்தட்டில் காபியும் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வந்தன. காபி நன்றாக இருந்தால் எதற்குத் தண்ணீர் என்று எர்மெத்தே சந்தேகப்பட்டார். பிறகு எழுந்து நின்று, தேவையான அறையைத் தேடி நாலாபக்கமும் பார்த்தார். வென்ஸலும் பதறி எழுந்தான். "தந்தையே, தங்கள் நெஞ்சை வாட்டும் துயரம் யாது?" எர்மெத்தே அவன் தோளைத் தட்டிவிட்டுத் தானே கண்டுபிடித்துக்கொண்டார். அன்று பகல் முழுவதும் அவர் அவனைக் குறைசொல்லவில்லை. நீவெஸுக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஓபராவுக்குக் கீழ்த்தளத்தில் நல்ல இருக்கைகளாக மூன்று வாங்கித் தருவதாக வென்ஸல் சொல்லியிருந்தான். எர்மெத்தே மறுத்துவிட்டார். அடுத்த வாரம் பார்மாவுக்குத் திரும்பி, கீழே உட்கார்ந்து கேட்டேன் என்று கேலரியில் சொல்ல முடியுமா? ஆகவே மாலை நான்கு மணியிலிருந்து வரிசையில் நின்று, உச்சிமாடியில் நின்றுகொண்டே கேட்கும் இடத்துக்குச் சீட்டு வாங்கினார்கள். அங்கே ஒரு வழக்கம். முன்னாலிருக்கும் கம்பியில் கழுத்துத்துணியைக் கட்டிவிட்டால் அந்த இடம் நம்முடையது. வெளியே போய் சூப் குடித்துவிட்டு வரலாம், யாரும் அவிழ்க்க மாட்டார்கள். நீவெஸ் கட்டினாள், இயோலே கட்டினாள். எர்மெத்தே டையைக் கழற்றிக் கட்டினார். கட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே ஒன்றரை மணிநேரம் நின்று அதைக் காவல் காத்தார்.

விளக்கு அணைவதற்குச் சற்று முன்னால்தான் நீவெஸ் விஷயத்தைச் சொன்னாள். வென்ஸல் கதாநாயகன் இல்லை. வில்லனும் இல்லை. மூன்றாவது அங்கத்தில் வருகிற வேலைக்காரன்.

"என்ன பாடுவான்?"

"வண்டி வாசலில் நிற்கிறது, அம்மணி."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. குனிஞ்சு வணங்கிட்டுப் போயிடுவான்."

எர்மெத்தே விரல்விட்டு எண்ணினார். நாலு சொல். "போதும்" என்றார். உருளைக்கே மூன்று தட்டில் தீர்ப்புச் சொல்கிறவர் அவர். அவர் வலப்பக்கம் இயோலே நின்று அவர் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். இடப்பக்கம் நீவெஸ். அந்த நாலு சொல்லை நான்கு மாதமாகச் சமையலறையில் வைத்து அவனுக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்தவள் அவள். முதல் டாஃபி வாய்க்குள் போனது.

கதை வழக்கமானதுதான். பிரபுவின் மனைவி, கடிதம், சந்தேகம், விஷம். நாயகியின் முதல் பாட்டுக்கு ஒரு டாஃபி செலவாயிற்று. நாயகன் தொண்டை நரம்பு புடைக்க உச்ச ஸ்வரத்தைப் பிடித்தபோது, 1961 எர்மெத்தேவின் அடிவயிற்றிலிருந்து எழுந்து கழுத்துவரை வந்தது. இயோலே கிள்ளினாள். டாஃபியும் தன் கடமையைச் செய்தது. "ம்ம்ம்" என்ற அளவில் சமாளித்துவிட்டார். இடைவேளையில், தாடை வலிக்கிறது என்று மட்டும் சொன்னார். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று நீவெஸுக்குக் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது.

மூன்றாவது அங்கம். நாயகி விஷக்குப்பியை மேஜைமேல் வைக்கிறாள். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. கதவு திறக்கிறது. மஞ்சள் காலுறையும் பொய்முடியுமாக வென்ஸல் இரண்டடி முன்னால் வந்தான்.

"வண்டி வாசலில் நிற்கிறது, அம்மணி."

அந்தக் கணத்தில் எர்மெத்தேவுக்கு என்ன ஆயிற்று என்பதை அவர் பின்னால் விளக்க முயன்றிருக்கிறார். ஐயாயிரம் உருளையில் ஒன்று அப்படி அமையும். சுத்தியலை வைத்ததும், விளிம்பிலிருந்து நடு வரைக்கும் ஒரே ஒலியாகப் பேசும். எங்கும் இடறாது, எங்கும் மெலியாது. தட்டினவன் மறுபடி தட்டுவான், குறை தேடி அல்ல, இன்னொரு தடவை கேட்கலாமே என்று. இந்த நாலு சொல்லும் அப்படி இருந்தன. பாடினவன் நல்ல பெயர் வாங்கப் பாடவில்லை. வாசலில் நிஜமாகவே ஒரு வண்டி நின்றது.

அந்த இடத்தில் இசையில் எட்டு எண்ணிக்கைக்கு மௌனம். நாயகி குப்பியையே பார்க்க வேண்டும். அந்த மௌனத்துக்குள் உச்சிமாடியிலிருந்து, கிடங்குகளின் கடைசி அடுக்கு வரை கேட்கும்படி கூவிப் பழகிய குரல் ஒன்று இறங்கியது.

"பிஸ்!"

டாஃபியும் கூடவே புறப்பட்டு, முன்கம்பியில் கட்டியிருந்த யாரோ ஒருவருடைய கழுத்துத்துணியில் போய் ஒட்டிக்கொண்டது.

கீழே இருந்த தலைகள் எல்லாம் மேலே திரும்பின. வேலைக்காரன் வண்டி வந்த சேதி சொன்னதற்கு ஒன்ஸ்மோர் கேட்ட கதை அந்த ஊரில் அதற்கு முன் நடந்ததில்லை. முதலில் ஒரு மூலையில் யாரோ சிரித்தார்கள். பிறகு தளம் தளமாகச் சிரிப்பு இறங்கியது. இசை நடத்துனர் கோலை உயர்த்தியபடியே கண்ணை மூடிக்கொண்டார். நாயகி முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்கியது, வசதியாக அது அழுகை போலவும் இருந்தது. வென்ஸல் குனிந்து வணங்கினான். என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு தடவை வணங்கினான். பிறகு வெளியே போனான், வராத பக்கமாக.

நீவெஸ் கம்பியிலிருந்து தன் கழுத்துத்துணியை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்ததால் சற்று நேரமாயிற்று; அந்த நேரம் முழுவதும் அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அவிழ்ந்ததும் படியிறங்கிப் போய்விட்டாள்.

"என்ன காரியம் பண்ணிட்ட?" என்றாள் இயோலே.

"நல்லாருந்துச்சு."

முப்பத்தொரு வருஷத் தாம்பத்தியத்தில் அந்தச் சொல்லை அவள் அவர் வாயால் கேட்டதில்லை. கையை எடுத்து அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை.

ஓபராவுக்குப் பின்புறம் சாஸேஜ் விற்கும் ஒரு பெட்டிக்கடை உண்டு. பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள், கேட்டவர்கள் எல்லாரும் அங்கே நின்றுதான் சாப்பிடுவார்கள். நீவெஸ் அங்கே நின்றிருந்தாள். அவள் எதிரிலிருந்த தட்டில் சாஸேஜ் தொடப்படாமல் ஆறிக்கொண்டிருந்தது.

எர்மெத்தே, தான் கேலி செய்யவில்லை என்றார்.

"வேற என்ன செஞ்சீங்க?"

"பிஸ் கேட்டேன்."

"எதுக்கு? வண்டி வந்திருக்குன்னு சொன்னதுக்கா?"

"ஆமா."

"இதுக்கு நீங்க விசிலடிச்சிருக்கலாம்ப்பா. விசிலடிச்சா கோபம்னு தெரியும். இது ஊரே சிரிக்கிற மாதிரி..." அவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "அம்மா வரட்டும். நீங்க வர வேண்டாம். எழுதியிருந்தேன்ல."

எர்மெத்தே மனைவியைப் பார்த்தார். எனக்கே நம்பிக்கை வரவில்லை, நான் என்ன சாட்சி சொல்ல என்பதுபோல் இயோலே கடுகுச் சாந்துக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எர்மெத்தேவுக்குத் தன் நிலைமை புரிந்தது. வாழ்நாள் முழுக்கப் பொய் சொன்னதில்லை. ஆனால் வீட்டாரிடம் நல்லது ஒன்றும் சொன்னதில்லை என்பதால், முதல்முறை சொன்ன நல்லதுக்கு ஆதாரம் காட்ட வழியில்லை. 1951-ஐயும் 1968-ஐயும் பார்த்தவர்கள் பார்மாவில் இருந்தார்கள். இங்கே சாஸேஜ்காரர்தான் இருந்தார்.

வென்ஸல் வந்தான். பொய்முடி இருந்த இடத்தில் தலைமயிர் படிந்திருந்தது. மேடை மேற்பார்வையாளர் கூப்பிட்டு, உன் நண்பர்களை இனி வீட்டிலேயே விட்டுவிட்டு வா என்று சொல்லியனுப்பியிருந்தார். அவன் எர்மெத்தேவின் முன்னால் நேராக நின்றான்.

"தந்தையே, என்மேல் தங்களுக்கு என்ன பகை? உரையுங்கள்."

"பகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாடு."

"இங்கேயா?"

"இங்கதான். அதே நாலு சொல்லு."

நீவெஸ் ஜெர்மன் மொழியில் ஏதோ சொல்லி அவனைத் தடுத்தாள். ஆனால் ஒன்பது வருஷமாகக் கதவைத் திறந்துகொண்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு போனவன் அவன். பாடு என்று இதுவரை யாரும் அவனைக் கேட்டதில்லை. கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். பாடினான். சாஸேஜ்காரர் இடுக்கியைத் தூக்கியபடி அப்படியே நின்றார். வரிசையில் நின்றிருந்த வயலின்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

எர்மெத்தே தலையைச் சாய்த்துக் கேட்டார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சாக்கடை மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள பாடினது இதைவிட நல்லாருந்துச்சு" என்றார். "இப்ப 'வாசல்'ங்கிற இடத்துல கொஞ்சம் மூக்கு வந்துடுச்சு."

இயோலே கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணத்துக்குத் தானும் போக முடியாது என்று அவளுக்குப் பட்டது.

நீவெஸ் மட்டும் அப்பாவையே பார்த்தாள், நெடுநேரம்.

"அப்ப, உள்ள மூக்கு வரலையா?"

"வரல."

"ஒரு இடத்துலயும்?"

"வந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

சொல்லியிருப்பார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவள் சாஸேஜில் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டு மென்றாள். பிறகு வென்ஸல் பக்கம் திரும்பி, அப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் சொன்னாள். மூக்கையும் சேர்த்துத்தான்.

வென்ஸல் கோபித்துக்கொள்ளவில்லை. ஆழ்ந்து யோசித்தான். இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு 'வாசல்' என்று பாடிப் பார்த்தான். விரலை எடுத்துவிட்டுப் பாடினான். இல்லையென்று எர்மெத்தே தலையை ஆட்டினார். மறுபடி பாடினான். இன்னும் பின்னால், தொண்டைக்குப் பின்னால் என்று எர்மெத்தே கையால் காட்டினார். அவர் இத்தாலிய மொழியில் சொன்னது அவனுக்குப் பாதிதான் புரிந்தது. அவன் சொன்னது நூறு வருஷத்துக்கு முந்தைய மொழியில் இருந்தது. இருந்தாலும் வேலை நடந்தது.

"பதினாலாம் தேதி, காலைல பதினோரு மணி" என்றாள் நீவெஸ், தட்டைப் பார்த்தபடி. "லேட்டாகாம வாங்க."

"ரெண்டு பேருமா?" என்று இயோலே கேட்டாள்.

"ரெண்டு பேரும்தான்."

எர்மெத்தேவுக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. ஆறாவது 'வாசல்' அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவர் ஒரு கையை உயர்த்தி, எல்லாரையும் கொஞ்சம் சும்மா இருக்கச் சொன்னார்.